கடைசி வரிசையில் இரண்டு பேர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது, கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய்.

செவ்வாய்க்கிழமை ஸ்டூடியோவில் யாருடைய கல்யாணப் படத்துக்கோ கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டிக்கொண்டிருந்தேன். உன் கூட்டாளி ஒட்டடையின் அப்பா வந்தார், கையில் உங்கள் பள்ளிக்கூடக் கடைசி நாள் குரூப் போட்டோ. "இதுல எம் பையன மட்டும் தனியா எடுத்துப் பெருசாக்கிக் குடும்மா" என்றார். பொண்ணு வீட்டுக்குக் காட்டவா அண்ணே என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். அவர் போட்டோவில் அவன் முகத்தை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னார். பத்தொன்பதாவது மாடிக் கண்ணாடியைத் துடைக்கும்போது அவன் கயிறு அறுந்து, ஆளே போய்விட்டானாம், போன வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் மழை, புதுச் செருப்பு கடிக்கிறது என்றெல்லாம் பேசினாயே, இதை ஒரு வார்த்தை சொன்னாயா? மேலே ஏறுவதே இல்லை, கீழே நின்று கயிறு பார்ப்பதுதான் வேலை என்றுதானே இரண்டு வருஷமாகச் சொல்கிறாய். பக்கத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது நீ என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

படத்தைப் பெரிதாக்கினால் எல்லா முகமும் கிட்டே வருகிறது. முதல் மார்க் வாங்கியவள் பல் டாக்டர், போன மாதம் அப்பாவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது அவள்தான். கணக்கில் மூன்று தரம் கோட்டை விட்ட குண்டுப் பையன் பஸ் ஓட்டுகிறான், நான் ஓடி வருவதைப் பார்த்தால் நிறுத்தி ஏற்றிக்கொள்கிறான். எல்லாரும் தரையில் இருக்கிறார்கள். கடைசி வரிசையில் நின்ற நீங்கள் இரண்டு பேர்தான் மேலே போனீர்கள், கூட்டாளி போகிறான் நீயும் போ என்று பெட்டி கட்டிக்கொடுத்தவள் நான். ஒட்டடையின் தோளில் உன் கை கிடந்தது. அவனைத் தனியாக எடுக்க, உன் கையை அழிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு விரலாக அழித்தேன். பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தை முடித்தேன்.

பிரிண்ட்டை வாங்கும்போது அவன் அப்பா, "உம் பையன் இன்னும் கயித்துலதான் தொங்குறானாம்மா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லண்ணே, வேலையை விட்டுட்டான், ஊருக்குக் கிளம்பிட்டான் என்று சொல்லிவிட்டேன். "நல்லதும்மா. கடைசியா இவன் என்ன பேசுனான்னு அவங்கிட்டதான் கேக்கணும்" என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஸ்டூடியோ வாசலுக்கு வருகிறார். உள்ளே வருவதில்லை. வந்துட்டானாம்மா என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

அப்பாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை, அவருக்குப் பிரஷர். நீ நூறு வயசு இருக்க வேண்டும் கண்ணு. இந்தக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து கயிற்றைத் தொடாதே. பாக்கிச் சம்பளத்துக்காகக் காத்திருக்காதே. ஒட்டடையின் அப்பாவுக்கு நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.

உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா