மேட்டில் நிற்காத கார்

1.7.85, திங்கள். கிள்ளான்

மழை. துணி காயவில்லை. டிரைவிங் டெஸ்டில் மூன்றாம் முறையும் பெயில். அதே மேடு. பாதி ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். நான் எடுத்தால் கார் பின்னால் உருள்கிறது. ஆபீசர் சீட்டைப் பிடித்துக்கொண்டு "அடோய், புவான்!" என்று கத்தினார். மலாயில் 'ஐயோ, அம்மா!' பயிற்சியில் இதே மேட்டில் ஒருநாளும் உருண்டதில்லை. டெஸ்ட் என்றால் மட்டும் என்ன வியாதி?

தையல் பேக்டரி வேலையை விட்டாயிற்று. என் சங்கிலியை விற்று வாங்கிய வேன் வாசலில், பூசை போட்டு, மாலை மாட்டி. 15-ந் தேதி முதல் பதினொரு பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றுவதாகச் சொல்லியும் ஆயிற்று. ஓட்டத்தான் ஆள் இல்லை. வீட்டுக்காரருக்கு சைக்கிளே நடுக்கம்.

4.7, வியாழன்

வெயில். பக்கத்து வீட்டுக் கோழி வேனுக்குள் முட்டையிட்டிருக்கிறது.

"பரவால்ல லா, ஒரு பேசஞ்சராவது ஏறிச்சே!" என்றார் வீட்டுக்காரர். முட்டையைப் பொரித்தேன். எனக்கு மட்டும்.

பாசாரில் மீன் வாங்கும்போது, வேனில் வரப்போகும் ஒரு பிள்ளையின் அம்மா. "அக்கா, பழைய வேன்காரர வேணாம்னுட்டேன். 15-ந் தேதி கன்ஃபர்ம்தானே?" "கன்ஃபர்ம்" என்றேன், கொஞ்சமும் வாய் கூசாமல். வீட்டுக்கு வந்து அழுதேன். பயமாக இருக்கிறது. பேக்டரிக்குத் திரும்பப் போய் அந்த சூப்பர்வைசர் மூஞ்சியில் விழிப்பதா? செத்தாலும் மாட்டேன்.

9.7, செவ்வாய்

பயிற்சி. மேட்டில் ஆறு தடவை நிறுத்தி எடுத்தேன். அசையவில்லை. கார் ஓட்டச் சொல்லித்தரும் சீன அங்கிள் குனிந்து என் வெறுங்காலைப் பார்த்தார். டெஸ்ட் அன்று காலில் என்ன என்று மலாயில் கேட்டார்.

சூ. பிரிக்பீல்ட்ஸ் அண்ணியிடம் இரவல் வாங்கியது, ஒரு சைஸ் பெரிசு. ஆபீசர் முன்னால் சிலிப்பரோடு போனால் மரியாதையா?

அங்கிள் தலையில் அடித்துக்கொண்டார். மூன்று டெஸ்ட்! எனக்கு மூளையே கிடையாது.

12.7, வெள்ளி

டெஸ்ட். அதே ஆபீசர். என்னைக் கண்டதுமே சீட்டைப் பிடித்துக்கொண்டார். மேட்டடியில் சூவைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டேன். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று பாதத்துக்கே தெரிந்தது. நின்றது. உறுமியது. ஏறியது!

ஆபீசர் என் காலைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். "லுலுஸ்." பாஸ்!

பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போதுதான் கால் சுட்டது. அண்ணி சூ டெஸ்ட் காரிலேயே.

14.7, ஞாயிறு

வேன் கழுவினேன். கோழி விரட்டினேன். அண்ணி மளிகைக்கடைக்கு போன் போட்டாளாம், கல்யாணத்துக்கு சூ வேண்டுமாம். நான் வீட்டில் இல்லை என்று கடைக்காரரிடம் சொல்லச் சொன்னேன்.

15.7, திங்கள்

மழை. பதினொரு பிள்ளைகள், இரண்டு சண்டை, ஒரு வாந்தி. பாலத்தின் ஏற்றத்தில் ஜாம். நிறுத்தினேன். முதுகுக்குப் பின்னால் துறைமுக லோரி, ஒட்டிக்கொண்டு. முருகா என்று கிளட்சை மெல்ல விட்டேன். ஒரு அங்குலம்கூட உருளவில்லை!

முன் சீட்டுக் குட்டி குனிந்து என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, "ஆன்டிக்கு சப்பாத்து வாங்கித்தர யாருமே இல்லையா?"

ஸ்கூல் வாசல். இறக்கி எண்ணினேன். பதினொன்று. இன்னொரு முறை எண்ணினேன், சும்மா, ஆசைக்கு.

மதியம் ஒரு மணிக்குத் திரும்ப ஏற்ற வேண்டும். அண்ணிக்கு இன்னும் சொல்லவில்லை.