மதுஷாவின் சப்பாத்து நூல்

அக்கா,

இன்று காலை தபால்பெட்டியில் ஒரு பெரிய பழுப்பு உறை கிடந்தது. உடற்குறை உள்ளவர்களுக்கான அலுவலகத்தின் படிவம். என் மதுஷாவுக்கு இருபது வயதாகிவிட்டது. இனிப் பெரியவர்களுக்கான தொசியே, அதுதான் விண்ணப்பக் கோப்பு, போடவேண்டுமாம். உறையைக் கையில் எடுத்ததும் உங்கள் குரல்தான் கேட்டது: "என்ன, ஜாதகமா அனுப்புற?" படியில் நின்றே சிரித்துவிட்டேன். மேல்மாடிக் கிழவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

நாம் பழகியதே ரயிலில்தானே. இருவரும் வில்லியே லே பெல் நிலையத்தில் ஒரே நேரத்துக்கு ஏறுவோம். நீங்கள் பாரிஸில் சுகாதாரக் காப்புறுதி அலுவலகத்தில் வேலை, நான் லா சப்பலில் மரக்கறிக் கடையில். உங்களுக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சு வரும். பெருங்கோபம் வந்தால் சுத்தமான புதுச்சேரித் தமிழ் வரும். அந்தப் பெருங்கோபத்தை நான் ஒரே ஒரு தடவைதான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மதுஷாவுக்கு அப்போது ஆறு வயது. பேச்சு பிந்தியிருந்தது, விரல்கள் சொன்னபடி கேட்காது. பேச்சுப் பயிற்சிக்கு வைத்தியரின் கடிதம் இருந்தால் போதும், காப்புறுதி கொடுத்துவிடும். கைப்பயிற்சிக்கு அப்படியில்லை. அதற்கும், வகுப்பில் பக்கத்தில் இருந்து உதவும் ஆளுக்கும், இந்த அலுவலகம் சம்மதிக்கவேண்டும். உதவியாள் இல்லாவிட்டால் அடுத்த வருடம் சாதாரண வகுப்பில் வைத்திருப்பது கடினம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வேறு எங்கே அனுப்புவார்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

படிவத்தில் ஒரு முழுப் பக்கம் வெறுமையாக இருந்தது. பிள்ளையின் அன்றாட வாழ்க்கையை எழுதச் சொல்லியிருந்தார்கள். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எழுதினேன். சொல் கேட்கும் பிள்ளை, தானே சாப்பிடுவாள், தானே உடுப்புப் போடுவாள், காலுக்குச் சப்பாத்தும் தானே போடுவாள் என்று. எங்கள் ஆட்கள் வேறு எப்படி எழுதுவோம்? பிள்ளையைப் பற்றி அந்நியருக்குச் சொல்வதென்றால் நல்லதைத்தானே சொல்வோம். வீட்டில் இவரும் அதையே சொன்னார்.

"பொம்பிளைப் பிள்ளை. குறையை எழுத்திலை போட்டால் பிறகு அழிக்க ஏலாது."

மறுமொழி வந்தது. பிள்ளை தன் வேலைகளைத் தானே செய்வதால் உதவி தேவையில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். மறுநாள் ரயிலில் அதையும் நான் எழுதியதன் பிரதியையும் உங்களிடம் நீட்டினேன். வாசிக்க வாசிக்க உங்கள் முகம் சிவந்தது.

"என்னம்மா இது? மாப்பிள்ளை வீட்டுக்கு ஜாதகமா அனுப்புற? உதவி கேக்குற எடத்துல பொண்ணோட பெருமையை எழுதி வச்சிருக்கியே! இதைப் படிச்சா நானே இல்லேன்னுதான் சொல்லியிருப்பேன்."

எதிரே இருந்தவர் இருக்கையை மாற்றிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. உங்களுக்கென்ன தெரியும் என்று நினைத்தேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒரு தம்பி இருந்தான். விருந்தாளி வந்தா உள் ரூமுக்கு அனுப்பிடுவாங்க. நல்ல குடும்பம்னு எல்லாரும் சொன்னாங்க" என்றீர்கள். பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தீர்கள். "மறுபடி பாருங்கன்னு கேக்க ரெண்டு மாசம் டைம் இருக்கு. காலைல எழுந்ததிலேர்ந்து சொல்லு. தமிழ்லயே சொல்லு, நான் பிரெஞ்சுல போடுறேன்."

ஒரு கிழமை முழுக்க அந்த ரயிலில் என் பிள்ளையால் முடியாததை எல்லாம் சொன்னேன். கரண்டி கையிலிருந்து நழுவுவது, பொத்தான் போட முடியாமல் சட்டையைக் கடிப்பது, பென்சிலைக் கண்டால் கையைப் பின்னால் மறைப்பது. ஒவ்வொன்றும் அவளைக் காட்டிக்கொடுப்பதுபோல இருந்தது. "சப்பாத்து?" என்று கேட்டீர்கள். "ஓம் அக்கா, அது மட்டும் உண்மை. தானே போடுவாள்" என்றேன்.

நீங்கள் எழுதித் தந்த பக்கத்தை மேசையில் வைத்தேன். இவர் மாலையில்தான் ரெஸ்டோரண்ட் வேலைக்குப் போவார். காலையில் நான் ரயிலேறிய பிறகு மதுஷாவைப் பள்ளிக்கு விடுவது அவர்தான். நின்றபடியே வாசித்தார். கிழித்துப்போடப் போகிறார் என்றே நினைத்தேன். கதிரையை இழுத்து இருந்தார்.

"சப்பாத்துப் பிழை" என்றார். "நான்தான் ஒவ்வொரு நாளும் நூல் கட்டிவிடுறனான். உமக்குச் சொன்னால் கவலைப்படுவீர் எண்டு சொல்லேல்லை."

பிறகு பேனாவை வாங்கி, அந்த வரியை வெட்டி, தன் கோணல் பிரெஞ்சில் உண்மையைத் தானே எழுதினார். அதை நான் மறுநாள் ரயிலில் உங்களிடம் காட்டியபோது நீங்கள் திருத்தவேயில்லை. "பிழை இருக்கட்டும், அப்பா எழுதினதுன்னு தெரியட்டும்" என்றீர்கள். கோடைக்கு முன் சம்மதக் கடிதம் வந்தது. நீங்கள் அதை வாசித்துவிட்டு என் கன்னத்தில் முத்தமிட்டதில், நாம் இருவரும் இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டோம்.

உங்கள் இறுதிப் பூசையில் தேவாலயத்தின் கடைசி வாங்கில் இருந்தேன். எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. மதுஷா என்னை இழுத்து இழுத்து எழுப்பினாள். உங்களை மிகவும் தேடுகிறது அக்கா, காலை ரயிலில் இப்போதும் தேடுகிறது.

கடைக்கு வரும் தாய்மார் சிலர் தொசியேயோடு வருகிறார்கள். "என்ரை பிள்ளை எல்லாம் தானே செய்வான்" என்று தொடங்குவார்கள். உங்களைப்போலக் கத்த எனக்கு வராது. முருங்கைக்காயைத் தராசில் நிறுத்தபடி ஒன்றே ஒன்றைத்தான் கேட்பேன்: "சப்பாத்தை ஆர் கட்டிவிடுறது?" அநேகமாக அந்தக் கேள்வியோடு அவர்களுக்கு இருக்க ஒரு கதிரை தேவைப்படும்.

இன்றைய உறையை மேசையில் வைத்து, பேனாவைத் திறந்துகொண்டு இருந்தேன். மதுஷா வேலைப்பயிற்சி முடிந்து வந்து, "நான் எழுதுறன்" என்று பிரெஞ்சில் சொல்லிப் பேனாவை என் கையிலிருந்து வாங்கினாள். மெதுவாகத்தான் எழுதினாள், பெரிய எழுத்துகளில். 'எனக்கு நூல் கட்ட முடியாது. அதனால் பட்டி ஒட்டும் சப்பாத்து வாங்கினேன். ரயிலில் தனியாகப் போவேன். அறிவித்தல் வேகமாகச் சொன்னால் பயம் வரும்.' ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை.

கையெழுத்துப் போட நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அதில் என் பெயருக்கு இடமே இல்லை அக்கா. அவளுடையது மட்டுந்தான்.