கயிற்றின் மறுமுனைக்கு ஓர் ஆள்

ஜூன் 11

மழை பிடித்துக்கொண்டது. மதியம் இரண்டு மணிக்கே கடையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. கண் பரிசோதனைக்கு மூன்று பேர். கம்பி உடைந்த கண்ணாடி ஒன்று.

நசாரியோ இந்த வருடம் என்னோடு ஏறப்போவதில்லையாம். கண்ணாடி மாற்ற வந்த மலையேற்றக் கழகத்துக்காரர் சொன்னார். "கிறிசந்தாவோட போனா பாதியில திரும்பணும். மார்ச்சுல பயந்துட்டா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறானாம்.

பதினோரு வருடம் ஒரே கயிற்றில் ஏறியிருக்கிறோம். பேருந்துப் பணிமனையில் எஞ்சின் பிரிக்கிற கை அவனுடையது. அந்தக் கையை நம்பி ஓரிசாபா எரிமலையின் பனிச்சரிவில் எத்தனை முறை நின்றிருப்பேன்.

பயந்தேன்தான். எதைப் பார்த்து என்று அவனுக்குத் தெரியாது.

ஜூன் 12

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

மார்ச்சில், உச்சிக்கு இருநூறு மீட்டர் கீழே. மாசி வெயிலில் உருகி உறைந்த சரிவு, வழவழவென்று கட்டியாக இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நசாரியோவின் நடை எனக்குக் கயிறு வழியாகவே தெரியும்: நான்கு அடி, ஒரு மூச்சு, நான்கு அடி. அன்று இரண்டு அடிக்கொரு முறை நின்றான். ஒரு தடவை காலணி முட்கள் பனியில் பதியாமல் பக்கவாட்டில் சாய்ந்தான். சாய்ந்ததே அவனுக்குத் தெரியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்ன பண்ணுது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. நட."

உனக்கு முடியவில்லை என்று சொன்னால் அதற்காகவே ஏறுவான். "எனக்குப் பயமா இருக்கு, இறங்கிடலாம்" என்றேன். கீழே வந்து சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தான். வாங்கிக்கொண்டேன். உயிரோடு திட்டினான், போதும்.

ஜூலை 5

கழகத்துப் பலகையில் சீட்டு ஒட்டினேன். "ஓரிசாபா, வடக்குச் சரிவு, நவம்பர். துணை தேவை. ஐயாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு முறையாவது போயிருக்க வேண்டும்." ஒட்டிவிட்டு நின்று பார்த்தேன். நாற்பத்தேழு வயதில் வரன் தேடுகிற மாதிரி இருந்தது.

ஜூலை 19

இரண்டு பேர் வந்தார்கள்.

ஃபெர்மின், உடற்பயிற்சி ஆசிரியன். உட்காரும் முன்பே, "மலைக் குடில்லேருந்து உச்சிக்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டான். ஏழு மணி நேரம் என்றேன். முகத்தில் லேசான இரக்கம். டிசம்பரில் பள்ளி விடுமுறை, அப்போதுதான் போக வேண்டும் என்றான்.

காசில்தா, அத்லிஸ்கோ ஊரில் மாட்டு வைத்தியர். முப்பத்து மூன்று வயது. கையில் கயிறு அறுத்த தழும்பு. அவள் கேட்டது: "எத்தனை மணி ஆச்சுன்னா உச்சி வரலேன்னாலும் திரும்பிடுவோம் அக்கா?"

காலம் பற்றி இருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். மழைக்காலத்தில்தான் மேலே பனி விழுகிறது. அது இறுகக் கொஞ்ச நாள் விட வேண்டும். அப்புறம் போனால் கால் நன்றாகப் பதியும். டிசம்பரில் குடிலில் படுக்க இடம் கிடைக்காது. தை, மாசியில் காற்று. அதற்கப்புறம் வெறும் பனிக்கட்டி. மலை யாருடைய விடுமுறையையும் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 9

மலிஞ்சே மலையில் பயிற்சி, மூவரும். மரங்கள் முடிகிற இடத்திலேயே ஃபெர்மின் கண்ணுக்கு மறைந்தான். காசில்தா நாலாயிரத்து இருநூறில் நின்றாள்.

"தலை வலிக்குதுக்கா. வாந்தி வரும்போல இருக்கு. இப்பவே சொல்லிடறேன்."

சொன்னபடியே வாந்தியும் எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "காலைல தின்ன சோளத் தமாலே. ரெண்டு தின்னிருக்கக் கூடாது" என்றாள். அரை மணி உட்கார்ந்தோம். சரியானது. மெதுவாக ஏறினோம்.

உச்சியில் ஃபெர்மின் சட்டையைக் கழற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "எங்க போயிட்டீங்க ரெண்டு பேரும்? கல்யாணச் சாப்பாடா?" என்றான்.

ஆகஸ்ட் 23

ஃபெர்மினிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அந்தக் குழுவுல நான்தானே வேகம்!" என்றான். அதனால்தான் என்றேன். புரிந்த மாதிரி தெரியவில்லை.

செப்டம்பர் 6

காசில்தாவோடு பனிக்கோடரிப் பயிற்சி. இறங்கும்போது கேட்டாள், மார்ச்சில் உண்மையில் என்ன நடந்தது என்று. ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னேன்.

கோடரியை ஊன்றி நின்றாள். பிறகு:

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. ரோஷக்காரன்."

"எங்கிட்ட வர்ற மாடு வாயில்லா ஜீவன். நான் தொட்டுத்தான் கண்டுபிடிக்கணும். உங்களுக்கு வாய் இருக்கேக்கா? அந்தாளு இந்தத் தடவை வேற யாரோடயாவது ஏறப் போறாரு. அவங்களுக்கு இது தெரியுமா?"

தெரியாது. அவர்களைப் பற்றி ஆறு மாதமாக நான் யோசிக்கவே இல்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சண்டைக்குப் பயந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 10

பணிமனைக்குப் போனேன். ஒரு பேருந்தின் அடியிலிருந்து வெளியே வந்தான். நின்றபடியே சொன்னேன்: நின்றது, சாய்ந்தது, உதடு, எல்லாம். டாக்டரைப் பார் என்றேன்.

துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"அப்ப நீ பயப்படல?"

"உனக்காகப் பயந்தேன்."

"என்னைக் கிழவன்னு சொல்ல ஆறு மாசம் ஆச்சா உனக்கு? போ கிறிசா. வேலை கிடக்கு."

மறுபடி பேருந்துக்கு அடியில் போய்விட்டான். பூட்ஸ் மட்டும் தெரிந்தது. வந்துவிட்டேன்.

செப்டம்பர் 27

மழை. நசாரியோவிடமிருந்து ஒன்றுமில்லை.

அக்டோபர் 11

மழை விட்டு நான்கு நாள். மலையடிவாரத்தில், த்லாச்சிச்சூக்காவில் ஜீப் ஓட்டுபவரிடம் பேசினேன். மேலே பாறையே தெரியாத அளவுக்கு வெள்ளை என்றார். நவம்பர் எட்டு குடில், ஒன்பது உச்சி. காசில்தாவுக்குச் சம்மதம். "ஒன்பதாம் தேதி எந்த மாடும் கன்னு போடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

அக்டோபர் 18

கடை மூடும் நேரத்தில் அம்பாரோ வந்தாள். நசாரியோவின் மனைவி. ஏதோ வசவுக்குத் தயாராக நின்றேன்.

"மாடிப்படில நின்னு நின்னுதான் ஏறுவான். கேட்டா முழங்கால்னு சொல்லுவான். நீ போய்ச் சொன்ன மறுவாரம் தானா கிளம்பி டாக்டர்கிட்ட போனான். இதயத்துல ஒரு வால்வு சரியில்லையாம். ஆபரேஷன் பண்ணணும்."

எப்போது என்றேன்.

"நவம்பர் ஒன்பது."

அவள் போன பிறகு கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தேதியை மாற்றலாம். மாற்றினால் காசில்தாவுக்கு அடுத்த விடுப்பு ஜனவரியில்தான். ஜனவரிக் காற்று அந்தப் பனியை விட்டுவைக்காது. இப்படிக் கணக்குப் போடுகிறேனே, நான் என்ன மனுஷி?

அக்டோபர் 20

அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவன்தான். இளைத்திருந்தான்.

"ஒன்பதாம் தேதி நான் ஆஸ்பத்திரிக்கு வரேன்" என்றேன்.

"வந்து? நீ என்ன டாக்டரா? அம்பாரோ இருக்கா, அவ தங்கச்சிங்க மூணு பேரு இருக்காங்க. அழுவுறதுக்கு ஆள் போதும்." பிறகு, வேறு பக்கம் பார்த்தபடி: "பனி எப்படி?"

சொன்னேன்.

"அப்ப போ. அந்த மாட்டு டாக்டர் எப்படி?"

"முடியலேன்னா முடியலேன்னு சொல்றா."

"ம்" என்றான். அவ்வளவுதான். அம்பாரோ காப்பி கொண்டுவந்தாள். குடித்தோம்.

நவம்பர் 10

நேற்று ஏறிவிட்டோம்.

அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பினோம். பனி நல்ல பதத்தில் இருந்தது, ஒவ்வொரு அடியும் நறுக்கென்று பதிந்தது. காசில்தா மூன்று முறை நிற்கச் சொன்னாள். நான் ஒரு முறை. விரல் மரத்துவிட்டது, சொன்னேன். சொல்ல வெட்கமாக இருந்தது; இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவள் என் கையைத் தன் சட்டைக்குள் விட்டு அக்குளில் வைத்துக்கொண்டாள். "மாட்டுக்குள்ள கை விட்டவ நான். இதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

ஒன்பதேகாலுக்கு உச்சி. எரிமலை வாயை எட்டிப் பார்த்தோம். காற்று இல்லை. அந்த நேரம் அவனை அறுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். சந்தோஷம் வந்ததா என்று கேட்டால், வந்தது. பயமும் அதுவும் ஒன்றாகத்தான் இருந்தன. இருபது நிமிடத்தில் இறங்கத் தொடங்கினோம்.

த்லாச்சிச்சூக்கா வந்த பிறகுதான் போனில் சிக்னல். அம்பாரோவின் செய்தி: "கண் முழிச்சிட்டான். தண்ணி கேக்கறான்."

ஜீப்பிலேயே அழுதேன். காசில்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நவம்பர் 13

ஆஸ்பத்திரி. பத்து நிமிடம்தான் விட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 20

கழகத்துக்காரர் மறுபடி வந்தார். போன வாரக் கூட்டத்தில் நசாரியோ எழுந்து, மார்ச்சில் தடுமாறியது தான்தான், கிறிசந்தா இல்லை என்று சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டானாம். என்னிடம் அதைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 14

தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இன்று ஞாயிறு, நசாரியோவோடு சோலூலா குன்றுக்குப் போனேன். மேலே இருக்கிற மாதா கோவிலுக்கு ஏறும் பாதை. கைக்குழந்தைக்காரிகள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள்.

பாதி ஏறியதும் என் கையைப் பிடித்தான்.

"மூச்சு வாங்குது கிறிசா. நில்லு."

நின்றோம்.