லோறன்ஸ் முதலாளியின் குதிரையில் என் எழுத்து

சிவமயம்

விசுவமடு,
12-6-1962.

அன்புள்ள மகன் பாலனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் தங்கச்சி கமலாசனியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த நுவரெலியாக் குளிரில் நெஞ்சுச்சளி பிடிக்காமல் இருக்க வற்றாப்பளை அம்மாளாச்சியை வேண்டுகிறோம். உடம்புக்குத்தான் ஒன்றுமில்லை, இந்த ஒன்பது நாளாய் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உன் கடிதம் கிடைத்தது. மாதக் கடைசியில் குதிரை லாயத்துத் துரையிடம் வேலையை விடும் கடிதம் கொடுக்கப்போகிறேன், பிறகு சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய், குதிரை நிற்கும் வளவிலேயே அதைப் பழக்கி, குளம்பு வெட்டி, லாடம் அடித்து, மருந்தும் கொடுத்துப் பிழைப்பேன் என்று எழுதியிருக்கிறாய். முதலில் அந்தக் கடிதத்தைக் கொடாதே. ஏன் என்று கீழே எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் முழுவதும் வாசி.

கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவு வரை, வவுனியா செட்டிகுளமும் சேர்த்து, எத்தனை குதிரை நிற்கிறது என்று நான் விசாரித்துப் பார்த்தேன். ஏழு. கோயில் குதிரை வாகனத்தையும் சேர்த்தால் எட்டு என்று தங்கச்சி பகிடி பண்ணுகிறாள். ஊரெல்லாம் உழவு மெசின் வருகிற காலத்தில் ஏழு குதிரையை நம்பி மாதச் சம்பளத்தை விடுகிறவன் நீ ஒருவன்தான். சொன்னால் கேட்டாயா? சித்திரையில் லீவில் வந்தாய், வந்தவன் வீட்டில் இருந்து நாலு வாய் சோறு தின்னாமல் அளம்பிலுக்கு ஓடினாய், தென்னந்தோட்டத்து லோறன்ஸ் முதலாளியின் அந்த உதைகாலிக் குதிரையைப் பத்து நாள் பழக்கினாய். லீவு முடிந்ததும், பழக்கம் விட்டுப்போகும், நான் திரும்பி வரும்வரை அப்பா பார்ப்பார் என்று அவருக்கு வாக்குக் கொடுத்து, குதிரையைக் கொண்டுவந்து என் வளவில் கட்டிவிட்டு பஸ் ஏறினாய். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

போதாததற்கு நாலு பக்கத்தில் கட்டளை எழுதி வைத்தாய். அம்மா அதைக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறா. நெல்லுப் போடக்கூடாது, வேர்க்க விறுவிறுக்கத் தண்ணீர் காட்டக்கூடாது, நீளக் கயிற்றில் வட்டம் சுற்றவேண்டும், நாள்தோறும் நாலு காலையும் தூக்கிக் குளம்புக்குள் இருக்கும் மண்ணைச் சுரண்டவேண்டும். பெற்ற தகப்பன் காலையே ஒழுங்காய்த் தொட்டுக் கும்பிடாத நீ என்னை ஒரு குதிரையின் காலில் விழவைத்தாய். அம்மா வாசலில் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது. ஆனாலும் ஒரு நாள் தவறாமல் செய்தேன். இருபது நாள் போக, நான் குனிந்த உடனே அது தானாகவே காலைத் தூக்கித் தந்தது. அதை உனக்கு எழுதவேண்டும் என்று தாள் வாங்கியும் வைத்தேன்.

அதற்குள் வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கிழமை கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. நானும் பக்கத்துக் காணி வீரகத்தியும் இரண்டு நாள் தேடி அலைந்தோம், கடைசியில் குளக்கட்டுக்கு அப்பால், காட்டில் திரியும் குழுவன் மாடுகளோடு நின்றது. வீரகத்தி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன சிற்றம்பலம் அண்ணை, இன்னும் குறி சுடேல்லையோ, குறியில்லாட்டில் பிடிச்சவன்ரை எல்லோ" என்றான். அவன் இந்த மண்ணில் பிறந்தவன். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த வருடம் குறி இல்லாத எங்கள் இரண்டு நாகு மாடுகள் இன்னொருவன் பட்டியில் நின்றதைக் கண்ணால் கண்டும், எங்களது என்று சொல்ல வாய் இல்லாமல் திரும்பி வந்தோமே, உனக்கும் நினைவிருக்கும். ஆள் நம்பித் தந்த சாமான் அப்படிப் போகக்கூடாது என்று, வீரகத்தி பட்டியில் கன்றுகளுக்குக் குறி சுட்ட அன்றைக்கு இதையும் கொண்டுபோய்க் கட்டிச் சுட்டேன். என்னிடம் இருந்தது என் மாடுகளுக்கு எழுத்துச் சுடும் கம்பிதான். இடது பின் தொடையில் ஒரு சாண் உயரத்துக்கு "சி".

நாலு பக்கம் எழுதினாயே, குறி சுடவேண்டாம் என்று ஒரு வரி எழுதினாயா? புல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரிந்தது.

மூன்றாம் திகதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லோறன்ஸ் முதலாளி காரில் வந்தார். குதிரையை ஒருமுறை சுற்றினார். "சிற்றம்பலத்தார், குதிரை என்ரை, எழுத்து உங்கடை, இனி இதை ஆர் வாங்குவினம், நான் ஆருக்குக் காட்டுறது" என்றார். களவு போகாமல் இருக்கத்தான் சுட்டேன் என்றேன். "உங்கடை வளவிலை விட்டதுக்குக் கள்ளனிட்டைக் குடுத்திருக்கலாம்" என்றார். தேத்தண்ணியைத் தொடவில்லை. வேலையாளிடம் கயிற்றைக் கொடுத்து நடத்திக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, மகனை இனி அளம்பில் பக்கம் வரவேண்டாம் என்று எழுதும்படி சொன்னார். செட்டிகுளத்து வியாபாரிக்கும் வவுனியா மில்காரருக்கும் கதை போய்விட்டதாம். அந்த மூன்று பேரிடமும்தான் ஏழில் ஐந்து குதிரை நிற்கிறது.

இன்னொன்றும் எழுதவேண்டும், அம்மாவுக்கும் சொல்லவில்லை. நான் எத்தனையோ மாட்டுக்குக் குறி சுட்டிருக்கிறேன், அடுத்த நாள் அவை தவிட்டு வாளிக்கு வந்துவிடும். இது வரவில்லை. மண் சுரண்டப் போய்க் குனிந்தால் சுவர் வரை பின்வாங்கி நடுங்கியது. முதலாளி கொண்டுபோகும் நாள் வரைக்கும் எனக்குக் காலைத் தரவில்லை. எனக்கு அழுகை வந்தது தம்பி. நீ பத்து நாளும் நான் இருபது நாளும் பழக்கியதை நான் ஒரு கண நேரத்தில் கெடுத்துவிட்டேன்.

ஆகவே வேலையை விடாதே. என் முட்டாள்தனம் ஊர் வாயில் ஆறும்வரை அங்கேயே இரு. ஆனால் இந்தக் கடிதம் வந்து சேரும் முன்னே நீ கொடுத்துவிட்டிருந்தால் துரையிடம் போய்க் கெஞ்சி நிற்காதே, வெட்கப்படாமல் வா. முதல் வேலையாய் இரண்டு பேரும் அளம்பிலுக்குப் போவோம். படலையில் நீ பின்னுக்கு நில், நான் முன்னுக்குப் போகிறேன், செய்தது நான், பொடியன் இல்லை என்று அவரிடமும், பிறகு செட்டிகுளத்திலும், வவுனியாவிலும் என் வாயாலேயே சொல்கிறேன். வாசலால் துரத்தினால் என்னைத்தான் துரத்தட்டும்.

அம்மா உனக்கு எள்ளுப்பாகு செய்து வைத்திருக்கிறா, வருகிற ஆளிடம் அனுப்புவா. இரவில் கம்பளி இல்லாமல் படுக்காதே. தங்கச்சிக்கு நீ சொன்ன சட்டைத்துணியை மறந்துவிடாதே. அம்மாளாச்சி உனக்குத் துணை நின்று, தொட்டதெல்லாம் துலங்க வைக்கட்டும். எப்போதும் அம்மாவின் பெயருக்குத்தான் கடிதம் எழுதுவாய், இந்தமுறை என் பெயருக்கு எழுது. ஏசுவதென்றால் என்னையே ஏசி எழுது, நான் வாசிப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
இ. சிற்றம்பலம்