இருபதாவது பெயர்

அன்புள்ள அக்கா,

நீ கேட்ட பருத்தித் துணிகளை வாங்கித் துவைத்து வைத்திருக்கிறேன்.

பிரசவத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கே வருகிறாயாம். "தங்கச்சியே நர்ஸா கீறா, அப்பறம் இன்னாத்துக்குடி பயம்னு கேட்டேன்" என்று அம்மா போனில் சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் இங்கே சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. பிரசவ அறைக்கு நான் ஒருத்திதான். டாக்டர் வானகரத்திலிருந்து வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும்.

படிப்பு முடிவதற்குள் இருபது பிரசவம் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் கல்லூரியில் ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. அதற்கு வலி வராது, ரத்தம் வராது. அதிகாரி ஆய்வுக்கு வருவதற்கு முந்தைய வாரம் நாற்பது பேரும் ஒரே சீனியரின் பிரசவ ரெக்கார்டைப் பார்த்து எழுதினோம். "தாயோட பேரையாவது மாத்துங்கடி, கழுதைங்களா" என்றார் மேடம். ஆய்வுக்கு வந்தவர் பக்கங்களைப் புரட்டினார், டீ குடித்தார், கையெழுத்துப் போட்டார். தேர்விலும் அதே பொம்மைதான். முதல் வகுப்பில் தேறினேன்.

ஒரு குழந்தை பிறந்து நான் இதுவரை பார்த்ததில்லை.

நீ அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் ரெக்கார்டில் பத்தொன்பது தாய்மாரின் பெயர்களை எப்படியோ பிடித்துவிட்டேன். இருபதாவதுக்கு எதுவும் தோன்றாமல் உன் பெயரை எழுதினேன். அப்போது உனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. பக்கத்தில் "தாயும் சேயும் நலம்" என்று எழுதி, முத்திரையும் விழுந்துவிட்டது.

அது உண்மையா என்று பார்க்க இங்கே வராதே.

உன் தங்கை