ஜெயித்தவன் துடைக்க வேண்டிய குண்டு

இதை எழுதுகிற கையில் இரும்பு வாசனை அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. இரும்பும் தேங்காய் எண்ணெயும் பழந்துணியும் கலந்த வாசனை. உன் வாசனை.

போன வாரம் உன் மருமகள் ஒரு துணிப்பையைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா போறதுக்கு முன்னயே உங்களாண்ட குடுக்கச் சொன்னாரு. பரண்ல போட்டு மறந்துட்டேன்" என்றாள். பிறகு தயங்கி, "அகராதிகிட்ட குடுத்துடுன்னுதான் சொன்னாரு. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள். உள்ளே நீ பெத்தாங் ஆட்டம் ஆடும் மூன்று இரும்புக் குண்டுகள். அவற்றைத் துடைக்கிற உன் பழைய மில் சட்டைத் துணி. காகிதம் ஒன்றுமில்லை. நீ இறந்து ஒரு வருடம் கழித்து, ஒரு வார்த்தைகூட இல்லாமல், இரும்பை மட்டும் அனுப்பியிருக்கிறாய்.

அகராதி என்று எனக்குப் பெயர் வைத்தது நீதான். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். மில்லில் உன் பக்கத்துத் தறியில் நின்றுகொண்டே தமிழ், இங்கிலீஷ், பிரெஞ்சு என்று மூன்று சின்ன அகராதிகளை வைத்து நானாகப் படித்தேன். அதற்காக வைத்தாயா, அகராதி பிடித்தவன் என்ற அர்த்தத்தில் வைத்தாயா என்று கேட்டால், "ரெண்டும்தான்யா" என்று சிரிப்பாய்.

சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்த உன் அப்பா கொண்டுவந்த குண்டுகள் இவை. தெருவோர மணல் திடலில் பெரியவர்கள் ஆறு மணிக்குமேல் ஆடுவோம். நாலரையிலிருந்து ஆறு வரை அந்தத் திடல் பிள்ளைகளுக்கு என்று நீ முடிவு செய்தாய். அதுவும் ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும். ஏன் அந்தக் கணக்கு என்று கேட்டேன்.

"அஞ்சாவது வரிக்கும் நாம புடிச்சுக் குடுக்கற கூட்டாளி. ஒம்பதாவதுக்கு மேல பரிச்சை புடிச்சுக்கும். நடுவுல இருக்கிற மூணு வருசந்தான்யா, எது புடிக்குது, யாரப் புடிக்குதுன்னு புள்ளைங்க தானா தேடிக்கறது. அதையும் நாம புடுங்கிக்கிட்டா எப்படி?"

சின்ன மரக்குண்டை முதலில் உருட்டிவிட வேண்டும். அதற்கு மிக நெருக்கமாக இரும்புக் குண்டை வீசியவர் ஜெயித்தவர். முத்தியால்பேட்டையில் எல்லாரும் ஆடும் ஆட்டம்தான். ஆனால் உன் திடலில் கூடுதலாக ஒரு சட்டம் இருந்தது. ஜெயித்தவர்கள் தோற்றவர்களின் குண்டுகளைப் பொறுக்கி, மணல் போகத் துடைத்து, அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். "தோத்தவன் குனியக்கூடாதுடி. ஜெயிச்சவன் குனியணும்" என்பாய். துடைக்காமல் கொடுத்தவளுக்கு மறுநாள் ஆட்டம் கிடையாது.

ஆட்டம் முடிந்ததும் பேக்கரியிலிருந்து நீள ரொட்டி ஒன்று வரும். கத்தி வைக்க விடமாட்டாய். பிய்த்துப் பிய்த்துக் கை மாற்ற வேண்டும். ஒருநாள், "இப்படி ரொட்டியப் பிச்சு யார்கூட நிம்மதியாத் திங்க முடியுதோ, அவதான் உன் கொப்பேன். பிரெஞ்சுல கூட்டாளிக்கு அதான் பேரு" என்றாய். என் பேத்தி திவ்யாவின் கூட்டாளி மேரி, பஞ்சர் கடைக்காரர் மகள், உடனே கேட்டாள்:

"கொப்பன்னா எங்கப்பாதான தாத்தா?"

"கொப்பன் இல்லடி, கொப்பேன்!"

"எங்கொப்பன் ரொட்டியக் குடுக்கவே மாட்டாரு தாத்தா, அவரே தின்னுடுவாரு!"

திடலே உருண்டு சிரித்தது. திவ்யாவுக்கு வாயிலிருந்த ரொட்டி மூக்கில் ஏறிவிட்டது. நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் என் பிரெஞ்சு அகராதியை எடுத்துவந்து, பிள்ளைகள் நடுவில் விரித்து, "தோழன், அவ்வளவுதான் போட்டிருக்கு. ரொட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. புள்ளைங்களுக்குப் பொய் சொல்லித் தராத" என்றேன். நீ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அந்த வரியைப் பார்த்தாய். "எங்கப்பா சொன்னாருய்யா" என்று மட்டும் சொன்னாய். அதன்பிறகு அந்த வார்த்தையை நீ திடலில் சொல்லி நான் கேட்கவில்லை.

திவ்யா ஏழாவதில் காலாண்டுப் பரிட்சையில் கணக்கில் சறுக்கினாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். அவள் படிப்பு என் பொறுப்பு. நான் நேரே திடலுக்கு வந்தேன். அவள் கால்களைச் சேர்த்து நின்று, கடைசிக் குண்டைக் கையில் வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தாத்தா, ஒரே ஒரு குண்டுதான் தாத்தா. போட்டுட்டு வரட்டும்" என்று மேரி கெஞ்சினாள்.

"யோவ், அந்த ஒரு குண்டப் போடவிடுய்யா" என்றாய் நீ.

"குண்டு போட்டா அது சோறு போடுமா?" என்றேன். திவ்யாவிடம், எல்லார் காதிலும் விழும்படி, "ரேங்க் எடுக்கற புள்ளைங்களா பாத்துச் சேரு. பஞ்சர் கடையில என்ன கெடைக்கும்?" என்றும் சொன்னேன். மேரி அங்கேயே நின்றிருந்தாள். திவ்யா குண்டை மணலில் மெதுவாக வைத்துவிட்டு என்னோடு வந்தாள். முதுகுக்குப் பின்னால் உன் குரல் கேட்டது. "நீ ஜெயிச்சிட்டய்யா, அகராதி."

அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசி வாக்கியம். நானும் பேசவில்லை. நீ போன அன்று தெருமுனை வரை வந்து நின்றேன். உள்ளே வரவில்லை. நீ கூப்பிட்டு அனுப்பியிருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. படிப்பு வேண்டும் என்று நான் சொன்னது தப்பு என்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஒரு குண்டை மட்டும் போடவிட்டிருக்கலாம்.

திவ்யா இப்போது எட்டாவது. ரேங்க் எடுக்கிறாள். நான் சொன்ன பிள்ளைகளோடுதான் டியூசன் போகிறாள். நோட்டு வேண்டுமென்றால் தேடி வருகிறார்கள். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டபோது ஒருத்தியும் வரவில்லை. வாங்கிவைத்த கேக்கை அவளே எடுத்து மூடிவைத்தாள். சாப்பாட்டு டப்பா பாதி நாள் திறக்காமலே திரும்பி வருகிறது. "யார்கூடம்மா சாப்புட்ட?" என்று கேட்டால், "பசிக்கல தாத்தா" என்கிறாள். நான் கேட்டது வேறு, அவள் சொல்கிறது வேறு. பஞ்சர் கடையைக் காலாப்பட்டுக்கு மாற்றிக்கொண்டு மேரி வீட்டார் போய்விட்டார்கள். போகும்போது மேரி சொல்லிக்கொள்ள வந்தாள். டியூசன் நேரம் என்று வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியவனும் நான்தான்.

உன் குண்டுகள் வந்த மறுநாள் காலை நூலகத்துக்குப் போனேன். தலையணை கனத்துக்கு இருக்கும் பெரிய பிரெஞ்சு அகராதியைக் கேட்டு வாங்கினேன். அந்தச் சொல்லின் பிறப்பு அதில் இருந்தது. சேர்ந்து ரொட்டி உண்பவன். உன் அப்பா சொன்னது நிஜம். என் அகராதி சின்னது. அதில் அதற்கு இடமில்லாமல் போயிருக்கிறது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நூலகர் வந்து, "பெரியவரே, தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

சாயந்திரம் திவ்யாவிடம், "கொப்பேன்னா என்னன்னு தெரியுமாம்மா?" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தாத்தா" என்றாள், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நீங்கதான் அது பொய்யின்னீங்க."

மறுநாள் டியூசன் வாசலில் போய் நின்றேன். ஆறாவது ஏழாவது பிள்ளைகள் பையைச் சுமந்துகொண்டு வந்தார்கள். "எத செஞ்சா உங்களுக்குச் சிரிப்பு வருதோ, தெனம் கொஞ்ச நேரமாவது அதச் செய்யுங்க. யார்கிட்ட தோத்தாலும் வெக்கமா இல்லையோ அவங்ககூடச் சேருங்க" என்றேன். உன்னைப் போல எனக்குச் சொல்ல வரவில்லை. திட்டுகிற மாதிரிதான் வந்திருக்கும். ஒரு பெண், "தாத்தா, சார் பாக்கறாரு, போயிடுங்க" என்று எனக்காகப் பயந்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ரொட்டி மூக்கில் ஏறுகிற சிரிப்பு இல்லை அது.

திடலில் இப்போது மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. குனிந்து பார்த்தேன். மணல் எல்லாம் எண்ணெய்.

ஏன் எனக்கு இவற்றை அனுப்பினாய் என்று நான்கு நாள் உன்மேல் எரிச்சலாக இருந்தது. ஐந்தாம் நாள்தான் உறைத்தது. ஜெயித்தவன் நான். நீயே சொன்னாய்.

அன்றிலிருந்து தினமும் நாலரை மணிக்கு உட்கார்ந்து மூன்றையும் துடைக்கிறேன். திவ்யா பள்ளிவிட்டு வரும்போது ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டுகிறேன். முதல் நாள், "கை நாறும் தாத்தா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் அதுவும் சொல்லவில்லை. இன்றும் நீட்டினேன். இந்த வயதில் அந்தக் கனத்தை அதிக நேரம் தூக்கி நிற்க முடியவில்லை. அவள் சுற்றிக்கொண்டு போனாள்.

நாளையும் துடைப்பேன். அகராதி பிடித்தவன் என்று உனக்குத் தெரியுமே.