என் வாய்க்காலை யாரும் குனிந்து பார்க்கவில்லை

ஹில்மர்ஸ்ஃபேன்,
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் இம்கேவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் பூனையும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம், அங்கே ஹோபார்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. உங்களுக்குக் கோடை பிறந்திருக்கும், எங்களுக்கு விடாத மழை. இடுப்பு வலி போய்விட்டது என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லப் போனில் வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

நம் ஊர்த் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் அதிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரும். மேலே ஹில்ரிஷ் வீடு, அடுத்து நாம், நமக்குக் கீழே ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த மாத்தியாஸ் வாங்கிய வீடு. ஒருவர் வாய்க்கால் அடுத்தவர் வாய்க்காலில் விழுந்து கடைசியில் பெரிய கால்வாய்க்குப் போக வேண்டும். சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து, அடுப்பெரிக்கப் படகில் டவுனுக்கு அனுப்பிய ஊர் இது, வெட்டிய இடமெல்லாம் தாழ்ந்துபோய்க் கிடக்கிறது, தண்ணீர் ஒரு நாள் நின்றாலும் வீட்டுக்குள் வந்துவிடும். உன் அப்பா வழியில் முதலில் வந்தவருக்கு நிலம் கொடுத்ததே, தன் பங்கு வாய்க்காலைத் தானே வெட்டி வருஷா வருஷம் தூர்வாருவேன் என்ற வாக்கின் பேரில்தான். தூர்வாராதவர் நிலத்தைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இதை ஊர் விழாவுக்கு விழா மேடையேறிச் சொன்னவள் நான்தான்.

அப்பா போன பிறகு, எல்லாரும் தூர்வாரியிருக்கிறார்களா என்று பார்க்கும் வாய்க்கால் பார்வைக்கு என்னைத் தலைவியாக வைத்தார்கள், உனக்கு அதில் எவ்வளவு சிரிப்பு. ஒவ்வொரு அக்டோபரும் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடப்பேன், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். போன வருஷம் ஹில்ரிஷ் வாய்க்காலில் ஒரே ஒரு கிளை விழுந்து கிடந்ததற்கு, "இது என்ன ஹில்ரிஷ், வாய்க்காலா, உன் விறகுக் கொட்டகையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு மானத்தை வாங்கினேன். இந்த வருஷம் நம் வாய்க்கால் வந்ததும், "நம்மளுது தெரிஞ்சதுதானே, வாங்க, குளிருது" என்று நிற்காமல் நடந்தேன். யாரும் குனிந்து பார்க்கவில்லை. கடைக்கோடியில் புதருக்குப் பின்னால், மாத்தியாஸ் பக்கம் தண்ணீர் போகும் குழாயின் வாய் முழுக்கக் கோரை அடைத்துக்கிடந்தது எனக்குத் தெரியும். இந்த இடுப்போடு இறங்க முடியவில்லை, முடியவில்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. செப்டம்பரிலேயே மாத்தியாஸ் வேலியோரம் வந்து, "நான் இறங்கி வாரித் தரட்டுங்களா?" என்று கேட்டான். "முதல்ல உங்களுத வாருங்க தம்பி" என்று அனுப்பிவிட்டேன்.

அப்புறம் மழை பிடித்தது. ஹில்ரிஷ், தோம்மா தம்பதிக்கு நேற்று ஐம்பதாவது கல்யாண நாள், அதற்காக மேஜை நாற்காலி போட்டு வைத்திருந்த பள்ளத்துக் கொட்டகைக்குள் செவ்வாய்க்கிழமை கணுக்கால் அளவு தண்ணீர். ஊரே கூடிவிட்டது. எதிர்க்கரை ஃபோல்கே, "அந்த ஸ்டுட்கார்ட்காரனுக்கு வாய்க்காலும் ஒண்ணுதான் பூந்தொட்டியும் ஒண்ணுதான்" என்றாள், எல்லாரும் தலையாட்டினார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை, இம்கே. கோலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன், வெட்கமில்லாமல். மாத்தியாஸ் வாய்க்கால் தலைவாரிவிட்டது மாதிரி இருந்தது. அப்படியே கரையோரம் மேலே வந்தோம், நம் குழாய் வந்தது. நானே கோலை விட்டுப் பார்த்தேன், உள்ளே போகாமல் நட்டுவைத்தது போல நின்றது.

ஹில்ரிஷ் அந்த வயதில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார், கூடவே மாத்தியாஸ். தோம்மாதான், "நீ உள்ள போய் டீயப் போடு வுப்கே, ஆம்பளைங்க விறைச்சுப் போயிடுவாங்க" என்றாள். போட்டேன். ஹில்ரிஷ் ஒரு கோப்பை குடித்துவிட்டு, போதும் என்று கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டார். நம் வீட்டில் மூன்று கோப்பைக்குக் குறைந்து அந்த மனிதர் எழுந்ததே கிடையாது. எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

கல்யாண நாள் வீட்டு வாசலில் நிறுத்தும் இலை வளைவை ஊர் கூடிக் கட்ட வேண்டியது முதல் அண்டைவீட்டுக்காரர் கொட்டகையில்தானே, அதாவது நம் கொட்டகையில். வெள்ளிக்கிழமை பெஞ்சு போட்டுக் கிளைகளைக் குவித்துவிட்டு, ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் வந்தார்கள், மாத்தியாஸும் அவன் மனைவியும்கூட. காகித ரோஜா சுற்றினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், தண்ணீரைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. அந்தத் தாட்சண்யத்தை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டேன், "அக்டோபர்லயே எனக்குத் தெரியும். மாத்தியாஸ் வாரித் தரேன்னு கேட்டாரு, நான்தான் விடல. பழி அவர் தலைல விழுந்தப்பவும் வாய மூடிட்டு நின்னேன்." மாத்தியாஸ் காது சிவந்து, "பரவாயில்லைங்க" என்றான். ஃபோல்கே கம்பியைச் சுற்றிக்கொண்டே, தலைகூட நிமிராமல் சொன்னாள்: "எங்களுக்கும் தெரியும்டி. நடந்து போறப்பவே புதர் வழியா கோரை தெரிஞ்சுச்சு. உங்கிட்ட யாரு சொல்றது? சொன்னா நாலு பேர் முன்னாடி கிழிச்சுத் தொங்கவிட்டிருப்ப. அதான் அந்தப் புள்ள மேல போட்டோம். அந்தக் கம்பிய இப்படித் தள்ளு."

தலைவியாக இருந்த பதினோரு வருஷமும், யாரும் என்னை எதிர்த்துப் பேசாததை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று வளைவு ஏறியது, தோம்மா கட்டிக்கொண்டாள், ஹில்ரிஷ் பாதிரியாருக்குக் கொடுப்பது மாதிரி விறைப்பாகக் கை கொடுத்தார். தலைவி வேலையை விட்டுவிட்டேன், யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், ராத்திரி முழுக்க இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. போன கோடைக்கும் நீ வரவில்லை, அதற்கு முந்தின கோடைக்கும் வரவில்லை, டிக்கெட் விலை என்றாய், நானும் நம்பினேன். டிக்கெட்தானா, இம்கே? வேறு காரணம் என்றால் எழுது. நான் பதில் பேசாமல் படிப்பேன்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, மனசு நிறைந்து வாழ வேண்டும். அந்த ஊர் வெயில் பொல்லாதது என்கிறாய், குட்டிப்பயலுக்குத் தொப்பி போடாமல் வெளியே அனுப்பாதே.

இப்படிக்கு,
உன்னிடம் கேட்கவே வெட்கப்படும்
அம்மா வுப்கே